வாசிப்பு மசோதா ஒலிம்பியாவுக்கு வந்தால்: படிப்பது எப்படி, பேசுவது எப்படி

வாஷிங்டன் மாநில சட்டமன்றம் தலைநகர் ஒலிம்பியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாத இரண்டாவது திங்கட்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டு என்றால் 105 நாள், இரட்டைப்படை ஆண்டு என்றால் 60 நாள். அந்த நாட்களுக்குள் சிறு குழந்தைகளின் வாசிப்பைத் தொடும் மசோதாக்கள் வந்து போகும். ஒன்று ஆசிரியர் பயிற்சி பற்றி இருக்கும், இன்னொன்று வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளை முன்கூட்டியே கண்டறியும் ஸ்கிரீனிங் சோதனை பற்றி இருக்கும், மற்றொன்று “ஆய்வு செய்து அறிக்கை தரவும்” என்பதோடு நிற்கும். சியாட்டிலுக்குக் கிழக்கே ஒரு பொதுப் பள்ளியில், கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. என் மேசைக்கு வரும் குழந்தைகளில் தமிழ் வீட்டுக் குழந்தைகளும் உண்டு. ஆனால் சட்டமன்றக் குழுக்களின் முன்னால் தமிழ்ப் பெற்றோர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“நமக்கு ஓட்டே இல்லையே, விசாவில் இருக்கிறோம், நாம் பேசலாமா?” என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. தாராளமாகப் பேசலாம். குழுக்களின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை கேட்பதில்லை. இந்த மாநில அரசியலமைப்பின் ஒன்பதாவது பிரிவு, மாநிலத்தின் எல்லைக்குள் வசிக்கும் எல்லாக் குழந்தைகளின் கல்விக்கும் போதிய ஏற்பாடு செய்வதே அரசின் தலையாய கடமை என்கிறது. அங்கே உள்ள சொல் “வசிக்கும்”. குடிமக்களின் குழந்தைகள் என்று அது சொல்லவில்லை. அந்த வரியை வைத்துத்தான் 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் மெக்ளியரி வழக்கில், பள்ளிகளுக்கு அரசு தரும் பணம் போதாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் ஐந்து வயதுக் குழந்தையும் அந்த வரிக்குள் அடக்கம்.

மசோதாவைத் தேடிப் பிடிப்பது எளிது. சட்டமன்றத்தின் இணையதளத்தில் “லிட்டரசி”, “ரீடிங்”, “டிஸ்லெக்சியா” (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) என்று தேடினால் வந்துவிடும். எச்.பி. என்றால் கீழவையில் தொடங்கியது, எஸ்.பி. என்றால் மேலவையில் தொடங்கியது. எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் கூடிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம். உதாரணமாக இ2எஸ்எஸ்பி 6162 என்றால், மேலவை மசோதா 6162 இரண்டு முறை மாற்றி எழுதப்பட்டு, அவையிலும் திருத்தப்பட்டது என்று பொருள். எப்போதும் கடைசிப் பதிப்பை மட்டும் படியுங்கள். பழைய பதிப்பைப் படித்துவிட்டு வந்து, எடுத்தே போட்டுவிட்ட பிரிவுக்கு எதிராகப் பேசுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மசோதாவுக்கு முன்னால் “பில் ரிப்போர்ட்” என்ற ஆவணத்தைத் திறங்கள். எந்தக் கட்சியையும் சாராத அலுவலர்கள் எழுதுவது அது. இப்போது உள்ள சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது, யார் ஆதரித்துப் பேசினார்கள், யார் எதிர்த்தார்கள், ஏன் என்பதெல்லாம் சில பக்கங்களில் இருக்கும். அதைப் படித்தபின் மசோதாவுக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

சரி, மசோதா கையில் இருக்கிறது. முதல் பிரிவில் நோக்கம் இருக்கும்: வாசிப்பு எவ்வளவு முக்கியம், மூன்றாம் வகுப்புக்குள் ஏன் வர வேண்டும் என்று நெஞ்சைத் தொடும்படி எழுதியிருப்பார்கள். அது யாரையும் எதையும் செய்ய வைக்காது. அதைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். “இந்தச் சட்டத்துக்கென்று, இதன் எண்ணைக் குறிப்பிட்டு, ஜூன் 30-க்குள் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்படாவிட்டால் இந்தச் சட்டம் செல்லாது” என்ற மாதிரி ஒரு பிரிவு அங்கே இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மசோதா நிறைவேறி ஆளுநர் கையெழுத்துப் போட்டாலும் போதாது, பட்ஜெட்டிலும் இடம் பிடிக்க வேண்டும். அப்படியானால் நீங்கள் பேச வேண்டியது கல்விக் குழுவோடு முடிவதில்லை. மேலவையின் வேஸ் அண்ட் மீன்ஸ் குழுவிலும் கீழவையின் அப்ராப்ரியேஷன்ஸ் குழுவிலும் பேச வேண்டும். பெற்றோர் கூட்டம் முதல் குழுவில் நிறைந்து வழியும், பணம் முடிவாகும் இரண்டாவது குழுவில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். நல்ல மசோதாக்கள் சத்தமில்லாமல் சாவது அங்கேதான்.

அடுத்து வினைச்சொற்கள். “வேண்டும்” என்று எங்கே இருக்கிறது, “செய்யலாம்” என்று எங்கே இருக்கிறது என்று இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். “பள்ளி மாவட்டங்கள் பயிற்சி அளிக்கலாம்” என்ற வரி பார்க்க நன்றாக இருக்கும். பணக்கார மாவட்டம் அளிக்கும், மற்றது அளிக்காது. “ஒதுக்கப்படும் தொகைக்கு உட்பட்டு” என்ற சொற்றொடர் எந்த வரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த வரி பணம் வந்தால்தான் உயிர் பெறும்.

புதிதாகச் சேர்க்கும் சொற்களுக்கு அடிக்கோடு இருக்கும். நீக்கும் சொற்களை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டுக் குறுக்கே அடித்திருப்பார்கள். அடிக்கோட்டைவிட அடித்த இடங்களை நிதானமாகப் பாருங்கள். எதைச் சேர்க்கிறோம் என்று எல்லாரும் மேடையில் சொல்வார்கள், எதை எடுக்கிறோம் என்று சொல்லமாட்டார்கள்.

கூடவே “ஃபிஸ்கல் நோட்” என்ற செலவுக் குறிப்பையும் திறங்கள். எத்தனை ஆசிரியர்களுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, மாற்று ஆசிரியருக்குக் கூலி உண்டா, பயிற்சியாளர்களைப் பள்ளிக்கே அனுப்புகிறார்களா என்பதெல்லாம் மசோதாவில் தெரிவதைவிட அங்கே பளிச்சென்று தெரியும்.

குழந்தைக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும்?

இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் எந்த வாசிப்பு மசோதாவையும் எடைபோடுகிறேன். ஸ்கிரீனிங்கில் ஒரு குழந்தை தடுமாறுகிறாள் என்று தெரிந்த அடுத்த வாரம் யார் வந்து அவளோடு உட்காருவார்கள்? மசோதாவில் இதற்குப் பதில் இருந்தால் மற்ற குறைகளைத் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் அது இன்னொரு தேர்வை மட்டும் கொண்டுவரும் மசோதா.

இதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. 1997-இல் அமெரிக்க நாடாளுமன்றம், குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் முறைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளை அலசச் சொல்லி ஒரு தேசியக் குழுவை அமைக்கக் கேட்டது. அந்த நேஷனல் ரீடிங் பேனல் 2000-இல் அறிக்கை தந்தது. பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்து உணர்வது, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைக்கும் ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், புரிந்துகொள்வது: இந்த ஐந்தையும் பற்றி இன்று எந்த மாநில மசோதாவில் படித்தாலும் வேர் அங்கேதான் இருக்கிறது. 2002-இல் வந்த “நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்” சட்டம், ரீடிங் ஃபர்ஸ்ட் என்ற திட்டத்துக்கு ஆண்டுக்கு சுமார் 100 கோடி டாலர் கொடுத்தது. 2008-இல் மத்திய கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு இறுதி மதிப்பீட்டை வெளியிட்டபோது, முதல் வகுப்புக் குழந்தைகள் சொற்களை எழுத்துக்கூட்டிப் படிப்பதில் முன்னேற்றம் இருந்தது, படித்ததைப் புரிந்துகொள்வதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எழுத்துக்கூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பேச்சும் சொல்லும் உலக அறிவும் கூடவே வளர வேண்டும். உங்கள் மசோதா ஃபோனிக்ஸோடு நின்றுவிட்டால் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இப்போது எல்லாரும் பேசுவது மிசிசிப்பியைப் பற்றி. 2013-இல் அங்கே மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்தும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் மிசிசிப்பியின் நான்காம் வகுப்பு வாசிப்புச் சராசரி 209. 2019-இல் 219 ஆகி, நாட்டின் பொதுப்பள்ளிச் சராசரியைத் தொட்டுவிட்டது. “பார்த்தீர்களா, நிறுத்தி வைத்தால் படிக்கிறார்கள்” என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆனால் அங்கே நடந்தது அது மட்டும் அல்ல. பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே வாசிப்புப் பயிற்சியாளர்களை அனுப்பியது. ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி தந்தது. தடுமாறும் குழந்தைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துப் பெற்றோருக்குச் சொல்லச் சொன்னது. அதே 2013-இல்தான் அரசு பணம் தரும் முன்பள்ளிகளுக்கான சட்டமும் வந்தது. என் கருத்து இதுதான்: உதவியை எழுதாமல் நிறுத்தி வைப்பதை மட்டும் எழுதும் மசோதாவை ஆதரிக்காதீர்கள். மிச்சிகன் 2016-இல் நிறுத்தி வைக்கும் விதியைக் கொண்டுவந்து 2023-இல் அதை நீக்கியும் விட்டது. நிறுத்தி வைக்கும் பிரிவு எந்த மசோதாவிலாவது இருந்தால், ஆங்கிலம் கற்க ஆரம்பித்து இரண்டு ஆண்டு ஆகாத குழந்தைகளுக்கு விலக்கு இருக்கிறதா பாருங்கள். ஃப்ளோரிடாவிலும் மிசிசிப்பியிலும் அந்த விலக்கு உண்டு.

நம் மாநிலத்தில் ஸ்கிரீனிங் ஏற்கெனவே சட்டம்தான். மேலே சொன்ன 6162, 2018-இல் நிறைவேறியது. 2021-22 கல்வியாண்டு முதல் கிண்டர்கார்டனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை டிஸ்லெக்சியாவின் அறிகுறிகளைப் பார்க்க வேண்டும், அறிகுறி தெரிந்தால் குடும்பத்துக்குச் சொல்லி, என்ன உதவி தரப்போகிறோம் என்ற திட்டத்தையும் சொல்ல வேண்டும் என்கிறது. புதிதாக ஒரு மசோதா வந்தால், 6162-இல் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சொல்கிறதா, அதில் இருக்கும் ஓட்டையை அடைக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் வீட்டு மொழி எங்கே வருகிறது?

நம்மைத் தவிர வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கிரீனிங்கில் ஒரு படத்தைக் காட்டி, “மேப் என்ற சொல்லில் முதல் ஒலி என்ன?” என்று கேட்பார்கள். எதிர்பார்க்கும் பதில் “ம்”. தமிழ் வீட்டிலிருந்து வரும் குழந்தைகள் “மே” என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மதிப்பெண் கிடைக்காது. நம் எழுத்து முறையில் மெய்யும் உயிரும் சேர்ந்த உயிர்மெய் ஒரே எழுத்து, ஒரே அலகு. காது முதலில் பிடிப்பது அதைத்தான். கன்னடம் முதலிய இந்திய மொழிகளில் செய்த ஆராய்ச்சிகளும், குழந்தைகளுக்கு அசை முதலில் பிடிபடுகிறது, தனி ஒலி கொஞ்சம் பிந்தி வருகிறது என்றே சொல்கின்றன. அந்தக் குழந்தைக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பதிலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் ம் + ஏ = மே என்று எழுதிப் பழகிய குழந்தையிடம், “மே-யில் மெய் எது?” என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று “ம்” என்பான். அவனுக்கு ஒலியைப் பிரிக்கத் தெரிகிறது, ஆங்கிலக் கேள்வி அதை வெளியே கொண்டுவரவில்லை. தமிழில் கேட்டும் பிரிக்கத் தடுமாறுகிறான் என்றால் அப்போது கவலைப்பட வேண்டும், உடனே உதவி வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் இரண்டு வகையிலும் குழந்தைக்கு நஷ்டம்: தேவையில்லாதவன் பட்டியலில் ஏறுகிறான், உதவி தேவைப்படுகிறவளை “ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்” என்று இரண்டு ஆண்டு காக்க வைக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

ஆகவே மசோதாவில் தேடுங்கள்: குழந்தையின் வீட்டு மொழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறதா? முடிவைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் தரச் சொல்கிறதா? கலிஃபோர்னியாவில் 2024-இல் ஏபி 2222 என்ற வாசிப்பு மசோதா குழுவைத் தாண்டாமலே நின்றது. ஆசிரியர் சங்கத்தோடு, ஆங்கிலம் கற்கும் குழந்தைகளுக்காகப் பேசும் அமைப்புகளும் அதை எதிர்த்தன. மொழிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாசிப்புச் சட்டம் நகராது என்று உறுப்பினர்களுக்கு நினைவுபடுத்த அந்த ஓர் உதாரணம் போதும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைத் தொடும் மசோதா என்றால் பார்வை கொஞ்சம் மாற வேண்டும். அந்த வயதில் பிற்கால வாசிப்பை முன்கூட்டிக் காட்டுபவை எவை என்று நேஷனல் எர்லி லிட்டரசி பேனல் என்ற குழு தொகுத்திருக்கிறது. எழுத்துகளை அடையாளம் தெரிவது, ஒலிகளோடு விளையாடத் தெரிவது, தன் பெயரை எழுதுவது, கேட்டதைச் சிறிது நேரம் நினைவில் வைப்பது எல்லாம் அதில் உண்டு. நான்கு வயதுக் குழந்தையை உட்கார வைத்துத் தாள் நிரப்பச் சொல்லும் மசோதா இதிலிருந்து எதையும் கற்கவில்லை. வீட்டில் தமிழில் கதை சொல்வதையும், பேசுவதையும், பாடுவதையும் ஊக்குவிக்கும் வரி இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

“ஆய்வு செய்க” என்று மட்டும் சொல்லும் மசோதா

இப்படிப்பட்ட மசோதாவைப் பார்த்ததும் “தள்ளிப்போடுகிறார்கள்” என்று பலர் மூடிவிடுகிறார்கள். நான் மூடமாட்டேன். 1997-இல் நாடாளுமன்றம் கேட்டதும் ஓர் ஆய்வைத்தான். நல்ல ஆய்வுக்கும் நேரத்தைக் கடத்தும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்தால் போதும்.

கேள்வி கூர்மையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். “வாசிப்பை மேம்படுத்தும் வழிகளை ஆராய்க” என்பது கேள்வியே அல்ல. “6162-இன் கீழ் அறிகுறி கண்டறியப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளில், என்ன உதவி கிடைத்தது” என்பது கேள்வி. யார் ஆய்வு செய்கிறார்கள் என்பதும் முக்கியம். சட்டமன்றமே 1983-இல் உருவாக்கிய வாஷிங்டன் ஸ்டேட் இன்ஸ்டிட்யூட் ஃபார் பப்ளிக் பாலிசி என்ற நிறுவனம் ஒலிம்பியாவில் இருக்கிறது. எந்தத் திட்டத்துக்குச் செலவிட்ட பணம் பலன் தருகிறது என்று கணக்குப் போடுவது அதன் வேலை. அதனிடம் ஒப்படைத்த ஆய்வு என்றால் எனக்கு நம்பிக்கை அதிகம். குழு அமைக்கிறார்கள் என்றால், அதில் கிண்டர்கார்டன் ஆசிரியரும் ஆங்கிலம் கற்கும் குழந்தையின் பெற்றோரும் இருக்கிறார்களா? அறிக்கைக்குத் தேதி உண்டா? அந்தத் தேதி அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பு வருகிறதா? ஜனவரிக்குப் பிறகு வரும் அறிக்கை ஒரு வருடம் தூங்கும்.

தரவைப் பிரித்துக் கேட்க வைப்பதுதான் நாம் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள திருத்தம். “ஏஷியன்” என்ற ஒரே கட்டத்துக்குள் போட்டால் சராசரி நன்றாக இருக்கும், அதற்குள் தடுமாறும் குழந்தை காணாமல் போவாள். மாணவர் தரவை இனப் பிரிவுகளுக்குள்ளும் பிரித்துச் சேகரிக்க வேண்டும் என்று 2016-இல் எச்.பி. 1541 வழியாக இங்கே சட்டம் வந்திருக்கிறது. ஆய்வு மசோதாவில் “வீட்டு மொழி வாரியாகவும்” என்று சேர்க்கக் கேளுங்கள்.

பேசும் நாள்

ஒலிம்பியாவுக்கு நேரில் போகத் தேவையில்லை, ஜூமிலேயே பேசலாம். குழுவின் பட்டியலில் மசோதாவைத் தேர்ந்தெடுத்து, ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே பதிவு மூடிவிடும். பேசத் தயக்கமாக இருந்தால் நிலைப்பாட்டை மட்டும் பதிவு செய்யலாம், எழுத்து வடிவக் கருத்தைக் கூட்டம் தொடங்கிய 24 மணி நேரம் வரை அனுப்பலாம். எல்லாம் சட்டமன்ற நிகழ்வுகளைக் காட்டும் டிவிடபிள்யூ அலைவரிசையில் ஒளிபரப்பாகிப் பதிவில் நிற்கும், ஆகவே குழந்தையின் பெயரையும் பள்ளியையும் சொல்லாதீர்கள்.

பேச ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும், ஆள் அதிகமானால் தலைவர் இன்னும் குறைப்பார். ஒரு நிமிடத்துக்கு எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கேட்டால் நான் தரும் மாதிரி, தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்:

“தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். என் பெயர் இது, இந்தச் சட்டமன்றத் தொகுதியில் வசிக்கிறேன். மசோதாவை ஆதரிக்கிறேன், ஒரு திருத்தம் கேட்கிறேன். என் மகள் முதல் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுகிறோம். இலையுதிர் காலத்தில் நடந்த ஸ்கிரீனிங்கின் முடிவு எங்களுக்கு வசந்த காலத்தில்தான் தெரிந்தது. மூன்றாம் பிரிவு பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. ‘15 பள்ளி நாட்களுக்குள், பெற்றோருக்குப் புரியும் மொழியில்’ என்று சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி.”

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிவு எண்ணையும் சேர்க்க வேண்டிய சொற்களையும் சொல்கிற பெற்றோரைப் பார்த்தால் உறுப்பினர்கள் பேனாவை எடுக்கிறார்கள். அன்றே அந்த வரியை உங்கள் சட்டமன்றத் தொகுதியின் மேலவை உறுப்பினர் ஒருவருக்கும் கீழவை உறுப்பினர்கள் இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். குழு வாக்களிப்பது “எக்சிக்யூட்டிவ் செஷன்” என்ற வேறு கூட்டத்தில். அங்கே பொதுமக்கள் பேச முடியாது, திருத்தங்கள் அதற்கு முன்பே முடிவாகிவிடும். அப்புறம், ஒற்றைப்படை ஆண்டில் நின்றுபோன மசோதா அடுத்த இரட்டைப்படை ஆண்டில் மீண்டும் எழலாம், எனவே எண்ணைக் குறித்து வைத்திருங்கள்.

நிறைவேறினால், உடனே அமலாக வேண்டும் என்ற அவசரப் பிரிவு இல்லாத சட்டம் கூட்டத்தொடர் முடிந்து 90 நாளில் நடைமுறைக்கு வரும். அதன்பின் மாநிலக் கல்வித் துறை அலுவலகம் விதிகள் எழுதும்போது அதற்கும் மக்கள் கருத்து கேட்பார்கள். அந்த அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும்படி பதிவு செய்துவையுங்கள். பள்ளியில், ஸ்கிரீனிங் முடிந்ததும் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள், என் குழந்தைக்கு எந்தப் பகுதியில் குறைந்தது, அடுத்த வாரத்திலிருந்து யார் எத்தனை நிமிடம் சொல்லிக்கொடுப்பார்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். அடுத்த ஜனவரியில் குழுவின் முன் பேசும்போது அந்தத் தாளைப் பார்த்தே பேசலாம்.